நட்டம் யார் கணக்கில்?

ஏடிஎம் இயந்திரம் ஒன்றின் வழியாக உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை என்கிறீர்கள். கார்டும் பின் எண்ணும் இல்லாமல் இயந்திரம் பணம் தராது, ஆகவே நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்கிறது வங்கி. சாட்சி யாரும் இல்லை. இப்போது யார் எதை நிரூபிக்க வேண்டும்? 1980இல் நியூயார்க் நகரின் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தது. ஒரு பக்கம் ஒரு பெண் வாடிக்கையாளர், மறுபக்கம் சிட்டிபேங்க். வங்கியின் கணினிக்குள் என்ன நடந்தது என்பதை வெளியே நிற்கும் ஒருவரால் எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது, அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றக் கூடாது என்று நீதிமன்றம் கருதியது. தீர்ப்பு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அமெரிக்க நாடாளுமன்றம் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தை இயற்றியிருந்தது. கார்டு பறிபோனது தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரோடு நின்றுவிடும், மீதி நட்டம் வங்கியுடையது. பிரிட்டனில் அப்போது நடைமுறை தலைகீழாக இருந்தது. இயந்திரம் சொல்வதே சரி என்று வங்கி நிற்கும், அது தவறு என்று காட்ட வேண்டியவர் வாடிக்கையாளர்.

இயந்திரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி, அவற்றுக்குள் இருந்த மறைகுறியாக்கக் கணிதமும் ஒரே மாதிரி. சட்டம் மட்டுமே வேறு. இந்த ஒரு வேறுபாடு எதில் கொண்டுபோய் விட்டது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் ஆராய்ந்தார். 1993இல் வெளியான கட்டுரையில் ஏடிஎம் மோசடிகள் உண்மையில் எப்படி நடந்தன என்று தொகுத்துக் காட்டினார். 2001இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் அதன் பொருளாதாரத்தை விளக்கினார். வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த அமெரிக்காவில் மோசடி குறைவாக இருந்தது. வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த பிரிட்டன், நெதர்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் வங்கிகள் அலட்சியமாகி, கடைசியில் மோசடி பெருகியது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக ஐரோப்பிய வங்கிகள் செலவழித்த பணம் அமெரிக்க வங்கிகள் செலவழித்ததைவிட அதிகம். அமெரிக்க வங்கிகள் குறைவாகச் செலவழித்தும் கூடுதல் பயன் கண்டன. தன் பணம் போகிறது என்றால் எந்தச் செலவு திருட்டைத் தடுக்கிறது, எது வெறும் காட்சிக்கு என்பதை ஒரு நிறுவனம் கவனித்துப் பார்த்தே தீரும். அடுத்தவர் பணம் போகும்போது அந்தக் கவனம் வருவதில்லை.

ஆண்டர்சன் தொகுத்த மோசடிகளைப் படித்தால், அவற்றில் மறைகுறியாக்கத்தை உடைத்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை என்பது புலப்படும். சில வங்கிகள் ரசீதில் கணக்கு எண்ணை முழுதாக அச்சிட்டன. வரிசையில் நின்று ஒருவர் பின் எண்ணை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டு, அவர் வீசி எறிந்த ரசீதைப் பொறுக்கி, அந்த எண்ணை வெற்றுக் கார்டு ஒன்றில் பதித்தால் போதும், பணம் வந்துவிடும். வேறு சில இடங்களில் வங்கி ஊழியர்களே கூடுதல் கார்டு அச்சிட்டு எடுத்தார்கள். ரசீதில் நான்கு இலக்கங்களை மறைப்பதற்குப் பெரிய கணித மேதை வேண்டியதில்லை, மறைக்க வேண்டும் என்ற அவசியம் வங்கிக்குத் தோன்ற வேண்டும். ஆனால் புகார் செய்தவரையே குற்றவாளியாக்கிவிடலாம் என்ற வசதி இருக்கும்போது அந்த அவசியம் எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் காவலர் ஒருவர் தன் கணக்கில் தான் எடுக்காத பணம் போனதாகப் புகார் செய்தார். 1994இல் அவரே மோசடி முயற்சிக்காகத் தண்டிக்கப்பட்டார். 1996இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். தன் கணினி அமைப்பை எதிர்த்தரப்பு வல்லுநர் சோதிக்க நிதி நிறுவனம் இடம் கொடுக்காததால் அதன் கணினிச் சான்று ஏற்கப்படவில்லை. சோதிக்க விடாத ஒரு கணினியின் பேச்சை நம்பி, இரண்டு ஆண்டுகள் ஒரு மனிதர் குற்றவாளி என்ற பெயரோடு வாழ வேண்டியிருந்தது.

மென்பொருள் பாதுகாப்பாக இருக்குமா என்ற கேள்விக்கு விடை அதை எழுதுபவர்களின் திறமையில் பாதிதான் இருக்கிறது. அது தவறினால் நட்டம் யார் கணக்கில் எழுதப்படும் என்பதே மறுபாதியைத் தீர்மானிக்கிறது. அந்த மறுபாதியே பெரும்பாலும் வலிமையானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பிழையைத் திருத்தக்கூடியவரும் பிழையால் இழப்பவரும் ஒருவராகவே இருந்தால் பிழை திருத்தப்படும். இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதற்கு நம் காலத்தின் மிகக் கொடுமையான சான்று பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள். 1999 முதல் ஆயிரக்கணக்கான கிளைகளில் நிறுவப்பட்ட இந்தக் கணக்கியல் அமைப்பை நடத்தியது ஃபுஜிட்சு நிறுவனம். கிளைகளை நடத்திய சப்-போஸ்ட்மாஸ்டர்கள் அஞ்சல் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர்; பலர் தங்கள் சேமிப்பைப் போட்டுச் சின்னக் கடையோடு சேர்த்துக் கிளையை நடத்தியவர்கள். கணக்கில் துண்டு விழுந்தால் அதைக் கட்ட வேண்டியவர்கள் அவர்களே என்று ஒப்பந்தத்தை வைத்து நிறுவனம் வாதிட்டது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன. டால்மெலிங்டன் என்ற ஸ்காட்லாந்து ஊரின் பெயரால் அறியப்படும் பிழையில், திரை உறைந்து நிற்கும்போது பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒரே தொகை பலமுறை பதிவாகும். அங்கே 8,000 பவுண்டு நான்கு முறை பதிவாகி, இல்லாத 24,000 பவுண்டுக்குக் கிளைப் பொறுப்பாளர் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இப்படிப்பட்ட துண்டுகளைக் கட்டுவதற்குப் பலர் வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்ட முடியாதவர்கள்மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900க்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 700 வழக்குகளை அஞ்சல் நிறுவனமே நேரடியாக நடத்தியது.

பிழையைப் பற்றி யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. ஃபுஜிட்சு பொறியாளர்கள் பிழைகளுக்குப் பெயர் வைத்துக் குறிப்பெழுதி வைத்திருந்தார்கள். கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்ற அவர்களால் முடிந்தது. முடியாது என்று நிறுவனம் பல ஆண்டுகள் மறுத்து வந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் வந்த தீர்ப்பு இவை அனைத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே நேரத்தில் நீக்கியது. பொது விசாரணையின் 2025 ஜூலை அறிக்கை, குறைந்தது 13 தற்கொலைகளுக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது. துண்டு விழுந்த ஒவ்வொரு பவுண்டையும் சப்-போஸ்ட்மாஸ்டரிடமிருந்து வசூலிக்க முடிந்தவரை, பிழையைத் தேடுவதால் அஞ்சல் நிறுவனத்துக்கு வரவு எதுவும் இல்லை. தேடினால்தான் செலவு. இதற்குச் சட்டமும் துணை நின்றது. கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்றிருந்த 1984ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, 1999இல் இயற்றிய இன்னொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், எதிராக ஏதேனும் காட்டப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றங்கள் கொண்டன. ஹொரைசன் நாடெங்கும் பரவிய அதே காலத்தில் இந்த மாற்றம் நிகழ்ந்தது. எந்த நாட்டின் சட்ட வகுப்பிலும் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

வங்கியும் வாடிக்கையாளரும், நிறுவனமும் கிளைக்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாவது ஆவார்கள். இணையம் வந்தபிறகு, பிழைக்குக் காரணமானவரும் அதனால் இழப்பவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் குறிவைத்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் கிடந்த கருவிகளைத் தேடி, சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே அதன் வேலை. அவ்வளவில் அது ஆறு லட்சம் கருவிகள்வரை பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளங்களின் முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவை வாங்கியவருக்கு ஒரு குறையும் இல்லை, படம் தெளிவாகவே வந்தது. அதை விற்றவருக்கும் நட்டம் இல்லை. கெட்டவர் கையில் சிக்கிய கேமராவுக்கும் திறக்காத இணையதளத்துக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. விற்றவரும் வாங்கியவரும் திருப்தியாக இருக்க, மூன்றாமவர் தலையில் விடியும் இத்தகைய இழப்பைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. ஆலைக் கழிவால் கெட்ட ஆற்றுநீரைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் அதே நியாயம் இங்கும் பொருந்தும். பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்பதைத் தடைசெய்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு இதனால் வரும் கூடுதல் செலவு மிகச் சிறிது. அந்தச் சிறு செலவைச் செய்ய வைக்கவே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நல்ல மென்பொருளுக்கு வாடிக்கையாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள், மோசமானதை ஒதுக்குவார்கள், ஆகவே சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான விடையை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இலேயே எழுதிவிட்டார். பின்னாளில் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். பழைய கார் சந்தையில் எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நடுத்தர விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவை மிஞ்சும். மென்பொருளில் இது இன்னும் முற்றிய நிலை. ஒரு செயலி வேகமாக இருக்கிறதா, அழகாக இருக்கிறதா என்பது வாங்கிய அன்றே தெரியும். அது பாதுகாப்பானதா என்பது உடைபடும்வரை தெரியாது. சில வேளைகளில் விற்பவருக்கே தெரியாது. வேகத்துக்கும் புது வசதிக்கும் போட்டி நடக்கும், கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புக்கு நடக்காது. போதாக்குறைக்கு, நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் உரிம ஒப்பந்தங்கள் மென்பொருளை உள்ளது உள்ளபடியே தருகிறோம், இதனால் வரும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கின்றன. சைக்கிளுக்கும் குக்கருக்கும் இப்படி ஒரு சீட்டு ஒட்டி விற்றால் எந்த நுகர்வோர் நீதிமன்றமும் ஏற்காது.

வாங்குபவரால் பார்க்க முடியாததை முதலீட்டாளர் பார்ப்பார் என்பது அடுத்த எதிர்வாதம். பங்குச் சந்தைக்கு நினைவு உண்டு, உடைபட்ட நிறுவனத்தை அது தண்டிக்கும் என்கிறார்கள். ஈக்விஃபாக்ஸைப் பார்ப்போம். அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேகரித்து வங்கிகளுக்கு விற்கும் நிறுவனம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்து 2017 மார்ச் மாதமே திருத்தம் வெளியானது. ஈக்விஃபாக்ஸ் அதைத் தன் தளமொன்றில் போடாமல் விட்டது. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளேயே இருந்தார்கள். உள்ளே நடப்பதைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் புதுப்பிக்கப்படாததால் அவர்கள் கண்ணில் படவே இல்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. செப்டம்பரில் செய்தி வெளியானதும் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. முதலீட்டாளர்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது, அவர்கள் கணக்கு சரி. விவரங்களைப் பறிகொடுத்தவர்கள் ஈக்விஃபாக்ஸின் வாடிக்கையாளர்களே அல்லர். அதன் வாடிக்கையாளர்கள் வங்கிகள், அவர்கள் எங்கும் போகவில்லை. 2019 சமரசத்தில் 70 கோடி டாலர்வரை என்று பேசப்பட்டது. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பணமாகக் கேட்டுப் பெறலாம் என்ற 125 டாலருக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 3.1 கோடி டாலர். கேட்டவர்கள் லட்சக்கணக்கில் திரண்டபோது ஒவ்வொருவருக்கும் 125 டாலர் கிடைக்க வழியே இல்லாமல் போனது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்று 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் கொடுத்தார்கள். டெல்டா விமான நிறுவனம் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்து, 50 கோடி டாலர் இழப்பு என்றது. ஒப்பந்தப்படி தன் பொறுப்பு ஒரு கோடி டாலரைக்கூட எட்டாது என்பது கிரவுட்ஸ்ட்ரைக் தரப்பின் பதில். மூன்றில் ஒரு பங்கு சரிந்த அதன் பங்கு விலை ஓராண்டு முடியுமுன் மீண்டது. சந்தையின் கண்ணுக்கு வேறொரு வழியில் கூர்மை ஏற்ற முயன்றவர்களும் உண்டு. 2016 ஆகஸ்டில் மெட்செக் என்ற ஆய்வுக் குழு, செயின்ட் ஜூட் நிறுவனத்தின் இதயக் கருவிகளில் ஓட்டை கண்டது. அதை நிறுவனத்திடம் சொல்லாமல் மடி வாட்டர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பங்கு விலை இறங்கினால் லாபம் வரும்படி பந்தயம் கட்டிவிட்டு அறிக்கையை வெளியிட்டது. செயின்ட் ஜூட் மறுத்து வழக்குப் போட்டது. ஆனால் மறு ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருள் திருத்தம் தேவை என்று அறிவித்தது. ஓட்டை உண்மை. பங்குக்காரர் பயந்ததும், திருத்தத்துக்கு அழுத்தம் கூடியதும் உண்மையே. எனினும் திருத்தம் வருவதற்கு ஓராண்டு முன்பே, நெஞ்சில் கருவியோடு இருந்த லட்சக்கணக்கானோரைப் பயத்தில் தள்ளி அதில் காசு பார்க்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தை எச்சரிக்கை மணி அடிக்கக்கூடும்; நோயாளிக்குக் கடமைப்பட்டவராக அது ஒருபோதும் இருக்காது.

பாதுகாப்புக்கு எவ்வளவு முதலீடு செய்யலாம் என்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டனும் மார்ட்டின் லோயெப்பும் 2002இல் வெளியிட்ட மாதிரி அது. ஓரளவு பொதுவான அனுமானங்களின்கீழ், ஒரு நிறுவனம் தான் எதிர்பார்க்கும் இழப்பில் சுமார் 37 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவழிப்பது லாபமாகாது என்று அவர்கள் காட்டினார்கள். நேர்மையான கணக்கு, பயனுள்ளதும்கூட. ஆனால் அந்த 37 விழுக்காடு எதன் மீது? நிறுவனத்தின் சொந்த இழப்பின் மீது. சப்-போஸ்ட்மாஸ்டர் அடமானம் வைத்த வீடும், ஈக்விஃபாக்ஸில் விவரம் பறிபோனவர் பெயரில் யாரோ வாங்கும் கடனும், டெல்டா விமானத்துக்காகக் காத்திருந்தவர் தவறவிட்ட நிகழ்வும் அந்த இழப்பில் சேராது. மொத்த இழப்பு நூறு, அதில் நிறுவனத்தின் பங்கு ஐந்து என்றால், மிகப் புத்திசாலித்தனமாகச் செயல்படும் நிதி அதிகாரியும் இரண்டு ரூபாய்க்கு மேல் ஒதுக்க மாட்டார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நட்டத்தை அதை உண்டாக்கியவர் கணக்குக்கு நகர்த்தினால், அதே அதிகாரி அதே சூத்திரத்தைப் போட்டு முப்பதுக்கு மேலும் ஒதுக்கக்கூடும்.

பிழையில்லாத மென்பொருள் உலகில் கிடையாது, தவிர்க்க முடியாததற்கு ஒருவரைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். இது கனமான கேள்வி. எந்தப் பெரிய மென்பொருளும் பிழை முற்றும் நீங்கியதாக இருக்காது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பிழைகளும் தவிர்க்க முடியாதவை அல்ல. சி, சி++ மொழிகளில் எழுதும்போது நினைவகத்தைத் தவறான முறையில் படிக்கவோ எழுதவோ நேர்ந்துவிடும் வகைப் பிழைகள் உண்டு. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு இந்த ஒரு வகையைச் சேர்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. குரோம் உலாவியின் கடுமையான ஓட்டைகளைப் பற்றிக் கூகுளும் அதே எண்ணைச் சொன்னது. இந்தத் தவறுக்குப் பெரும்பாலும் இடம் தராத ரஸ்ட் போன்ற மொழிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதும் பகுதிகளை அத்தகைய மொழிகளுக்கு மாற்றியதால், 2019இல் 76 விழுக்காடாக இருந்த இவ்வகை ஓட்டைகளின் பங்கு 2024இல் 24 விழுக்காடாக இறங்கியது என்று கூகுள் வெளியிட்டது. பழைய நிரல் முழுவதையும் தூக்கி எறியவில்லை, புதியதைக் கவனமாக எழுதினார்கள், அவ்வளவே. இதற்கு ஐந்து ஆண்டுப் பொறுமையும் பணமும் தேவைப்பட்டன. அதைச் செய்யத் தூண்டும் காரணம் எல்லா நிறுவனங்களுக்கும் இருக்குமா என்பதுதான் கேள்வி. பொறுப்பு என்பது பிழையே கூடாது என்ற நிபந்தனை ஆகாது. அறிந்த தற்காப்பைச் செய்தாயா, திருத்தம் வந்தபின் போட்டாயா என்ற விசாரணை அது. மருத்துவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதான். நோயாளி சாகாவரம் பெற வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் கட்டற்ற மென்பொருளைப் பற்றியது. உலகம் சாய்ந்து நிற்கும் நிரல்களில் பெரும் பகுதி, யாரோ ஊதியமின்றி எழுதிப் பொதுவில் வைத்தவை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, அது இருந்த ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் இணையத்தின் மிகப் பெரிய பகுதிக்குப் பூட்டாக இருந்தது. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவு அம்பலமானது. தனியாளாக அதைப் பராமரித்துக் களைத்திருந்த ஒருவரின் நம்பிக்கையை ஈராண்டுக்கு மேல் உழைத்துச் சம்பாதித்த பிறகே அதைப் புகுத்தியிருந்தார்கள். தொலைவிலிருந்து சர்வரில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்திராவிட்டால் அது உலகெங்கும் பரவியிருக்கும். இப்படிப்பட்டவர்கள்மீது இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்றால் மறுநாளே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே பொறுப்பு நிற்க வேண்டிய இடம் வேறு. இலவசமாகக் கிடைத்த நூலகத்தைத் தன் பொருளுக்குள் வைத்துக் காசுக்கு விற்பவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டிவந்தால், அந்த நூலகத்தைப் பராமரிப்பவருக்கு ஊதியம் கொடுப்பது அவருக்கு லாபமான செலவாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சைபர் தாங்குதிறன் சட்டம் இந்தப் பாதையில்தான் போகிறது. வணிக நோக்கின்றி எழுதுபவருக்கு விலக்கு, பொருளாக விற்பவருக்குக் கடமை. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன. மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

காப்பீடு இதைப் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உண்டு. அதற்கு ஊக்கம் தரும் வரலாறு இருக்கத்தான் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நீராவிக் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. 1866இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய கொதிகலன் காப்பீட்டு நிறுவனம், பாலிசி தருமுன் தன் ஆட்களை அனுப்பிக் கலனைச் சோதித்தது. வெடித்தால் தன் பணம் போகும் என்பதால் அந்தச் சோதனை உண்மையான சோதனையாக இருந்தது. ஆனால் காப்பீடு மட்டும் போதவில்லை. 1905இல் மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கலன் வெடித்து 58 பேர் மாண்ட பிறகே, 1907இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அதன்பின் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பொதுத் தரநிலையும் வந்தது. மென்பொருளில் காப்பீட்டாளருக்கு இன்னொரு இடர்ப்பாடும் இருக்கிறது. கொதிகலன்கள் தனித்தனியே வெடிக்கும். மென்பொருள் ஒரே நாளில் எல்லா இடத்திலும் உடையும். 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் மெர்க் மருந்து நிறுவனத்தையும் சில மணி நேரத்தில் முடக்கியது. மெர்க் 140 கோடி டாலர் கேட்டபோது, இது போர்ச் செயல், பாலிசியில் வராது என்றார்கள் காப்பீட்டாளர்கள். நியூஜெர்சி நீதிமன்றங்கள் மெர்க் பக்கம் நின்றன. 2024 தொடக்கத்தில் சமரசமானது. எதைச் சோதிப்பது, எந்தத் தரத்துக்குச் சோதிப்பது என்ற பொது அளவுகோல் இல்லாதவரை காப்பீட்டாளரும் இருட்டில்தான் விலை வைக்கிறார்.

மிச்சமிருப்பது, நான் அதிகம் கேட்கும் எதிர்வாதம்: குற்றம் பயனாளருடையது. ஓடிபியைச் சொன்னது யார்? இணைப்பை அழுத்தியது யார்? நட்டத்தை வங்கி ஏற்றால் மக்கள் இன்னும் அலட்சியமாவார்களே? அமெரிக்காவின் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இந்தப் பயத்தை உறுதிசெய்யவில்லை. 50 டாலர் வரம்பு இருந்தும் அந்நாட்டு மக்கள் தங்கள் கார்டுகளைத் தெருவில் வீசிவிட்டுப் போகவில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அந்த அலைச்சலை யாரும் விரும்பி வரவழைத்துக்கொள்வதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியும் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் இதே பாதையில் ஓர் அடி வைத்தது. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இன்றி வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள்வரை வரம்புள்ள பொறுப்பு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. தமிழ்நாட்டுக் கிராம வங்கிக் கிளையில் நிற்கும் ஒருவருக்கும் இந்த விதி பொருந்தும், கவுன்டரில் அதை எடுத்துச் சொல்வார் இருக்கிறாரோ இல்லையோ. ஆனால் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் முழுவதும் அவருடைய நட்டம் என்றது அதே சுற்றறிக்கை. இன்றைய மோசடிக்காரர்கள் மென்பொருளை உடைப்பதைவிட மனிதரை மிரட்டிப் பணம் அனுப்ப வைப்பதையே அதிகம் செய்கிறார்கள். போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து, முதியவரை மணிக்கணக்கில் பயமுறுத்தி, சேமிப்பு முழுவதையும் அவர் கையாலேயே மாற்ற வைக்கிறார்கள்.

அந்தப் பணம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஏதோ ஒரு வங்கியில், யாரோ ஒருவர் பெயரில் திறந்த கணக்குக்குத்தான் அது போகிறது. இருபதாயிரம் ரூபாயைக்கூடப் பார்த்திராத ஒரு கணக்கில் திடீரென்று இருபது லட்சம் வந்து, பத்து நிமிடத்தில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து போவதை அந்த வங்கியால் மட்டுமே பார்க்க முடியும். அனுப்பியவருக்குத் தெரியாது, அனுப்பியவரின் வங்கிக்கும் தெரியாது. பார்க்கக்கூடிய ஒரே தரப்பு, ஒரு ரூபாயும் இழக்காத தரப்பாக இருப்பதுதான் இங்கே கோளாறு. பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல் இதை மாற்றியது. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும், அவர் படுமோசமான அலட்சியம் காட்டியதாக வங்கி நிரூபித்தால் ஒழிய, 85,000 பவுண்டுவரை திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையில் பாதியை அனுப்பிய வங்கியும் மறுபாதியைப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியும் ஏற்க வேண்டும்.